ஒரு சொட்டுகூடப் பெய்யவில்லை

"ஹலோ... ஆமா, கிரவுண்டுதாங்க... ஆமா, ஆமா, ரோலர்தான் பேசறேன்... கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, இது கெழட்டு போன், மெதுவாப் பேசினா அதுக்கு ஏறாது... யாரு?... யாருன்னு சொன்னீங்க?"

யார் என்று அவருக்கு முதல் மணியிலேயே தெரியும். மேட்சுக்கு முதல் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, வெளியூர் அணியின் கேப்டன் மைதானத்துக்குப் போன் செய்து ஆடுகளத்தின் நிலவரம் கேட்பது அந்தக் கிரிக்கெட் லீகில் நெடுநாள் வழக்கம். மைதானத்துக்காரர் ரோலர் 'ஆடலாம்' என்றால் வேன் கிளம்பும், 'வேண்டாம்' என்றால் கிளம்பாது. செயலாளர் சொல்வதையோ ரேடியோ சொல்வதையோ யாரும் பெரிதாக மதிப்பதில்லை. நாலு மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போதே மனிதர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்படியிருந்தும் எட்டுத் தடவை மணி அடிக்க விட்டுத்தான் எடுத்தார். சட்டென்று எடுத்தால் காத்துக்கொண்டிருந்ததாக நினைத்துக்கொள்வார்களே.

"ஓ, கேப்டனா... சரிங்க கேப்டன், சொல்லுங்க... நல்லாருக்கேன். எனக்கென்ன கேடு... நீங்க நல்லாருக்கீங்களா?... எல்லாரும்?... ம். ம். சந்தோஷம்."

'எல்லாரும்' என்ற அந்த ஒரு சொல்லைக் காலையிலிருந்து நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். போனில் இருக்கும் கேப்டன் அவருடைய ஒரே மகளைக் கட்டியவர். கல்யாணமாகி ஐந்து வருஷம். இந்த ஐந்து வருஷத்தில் மாமனாரும் மருமகனும் பேசிக்கொள்வது இதுதான் முதல் தடவை. மகளும் பேசவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அந்த அணி இங்கே ஆட வருவதும் இப்போதுதான் வாய்த்திருக்கிறது.

ரோலர் என்பது அவர் பெயரல்ல. இருபத்தாறு வருஷமாக அந்த மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறார். நேராகப் போவார், நேராகத் திரும்பி வருவார், நடுவில் வளைந்து கொடுக்கிற பழக்கம் கிடையாது என்று ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் அது. வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மனைவி போய் ஏழு வருஷமாகிறது. அப்பா என்று கூப்பிட்டவளும் போன பிறகு, ரோலர் என்பதையே அவரும் தன் பெயராக வைத்துக்கொண்டுவிட்டார்.

"வானமா?... வானம் கெடக்குது கேப்டன், மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு... இல்ல, பெய்யல... ஒரு சொட்டுகூடப் பெய்யல... அங்க பெய்யுதா?... அப்படியா, நல்ல மழையா?... இல்ல, இங்க சும்மா மிரட்டறதோட சரி... வெயிலா? வெயிலப் பார்த்து நாலு நாள் ஆச்சு. துணி தொவைச்சுப் போட்டா காயறதுக்குப் பதிலா வாடை புடிக்குது... ஆமா, ஆமா, ரேடியோல கேட்டேன். எழுபது சதவீதம்ங்கறான்... முந்தாநாளும் எழுபதுன்னுதான் சொன்னான். சொல்லிட்டு அவன் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடறான், நான்ல இங்க அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோட நிக்கறேன்... ம்... ம்... சிரிக்கறீங்க."

அந்தப் பக்கம் சிரித்தது அவருக்குப் பிடித்திருந்தது. போன் இருந்த ஷெட்டில் வேறு ஆள் கிடையாது. வெள்ளைக் கோடு போடுகிற சுண்ணாம்பு வாளி, ஸ்டம்புகள், க்ரீஸ் டப்பா, மூலையில் டீசல் ரோலர். ஜன்னல் வழியாகப் பார்த்தால் நேரே ஆடுகளம். தார்பாயைச் சுருட்டி ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தார். நாலு மணிக்கே விளக்குப் போடும்படி இருட்டிக்கொண்டு கிடந்தது வெளியே.

"என்ன கேட்டீங்க?... ராத்திரி ஏதாச்சும் மாறினாலா?... நான் எப்படிச் சொல்றது கேப்டன், இந்த போன்ல வர்றது மட்டும்தான் வரும், இங்கருந்து போவாது... கமிட்டி கட் பண்ணி வெச்சிருக்கு. எவனோ ஒருத்தன் வெளியூர்ல இருக்கற காதலிகிட்ட மணிக்கணக்காக் கொஞ்சிட்டான், தண்டனை எனக்கு... ஆமா... செல்லா? வாங்கல கேப்டன். வாங்கி? எனக்கு யாரு பண்ணப் போறாங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அது பாட்டுக்கு வாயைத் தாண்டிப் போய்விட்டது.

"ஹலோ... ம், இருக்கேன், இருக்கேன்... சொல்லுங்க."

இந்த மேட்ச் நடப்பது அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். லீகின் கடைசி ஆட்டம் என்பதால் குடும்பத்தோடு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று வெளியூர் அணியிடமிருந்து திங்கட்கிழமை ஒரு பட்டியல் வந்தது. அதில் முதல் வரி: கேப்டன், மனைவி, குழந்தை ஒன்று. அந்தத் தாளை அவர் எத்தனை தடவை படித்தார் என்று கேட்டால் வெட்கப்படுவார். குழந்தை ஒன்று என்றுதான் இருந்தது, ஆணா பெண்ணா என்று இல்லை. ஊரில் நாலு பேரிடம் கேட்டிருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். மனிதர் யாரிடமும் கேட்கவில்லை, வீம்பு.

ஆனால் அன்று சாயங்காலமே ஸ்கோரர்கள் உட்காரும் பழைய நாற்காலி ஒன்றை எடுத்து, நாலு காலையும் ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கி, நீல பெயின்ட் அடித்து வைத்தார். வெயில் இல்லாததால் பெயின்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஷெட் வாசல் ஓரமாக இருந்த அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டேதான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறார். மேட்ச் நடந்தால் வேன் வரும். வேன் வந்தால் மகள் வருவாள். நடக்காவிட்டால் வருவதற்கு அவளுக்கு வேறு காரணம் கிடையாது, இவருக்குக் கூப்பிட வாயும் கிடையாது.

"பிட்சா?... பிட்ச்... நல்லாருக்கு... ஆமா... லேசா ஈரம் இருக்கு, இல்லேங்கல. காலைல ஒரு மணி நேரம் காத்தடிச்சா சரியாப் போயிடும்... ஆமா... ஆமா... ஆடலாம்... ஆடலாம்னுதான் சொல்றேன்... கிளம்பிடுங்க... எத்தனை மணிக்கு, காலைல நாலுக்கா? சரி... டிரைவரை மெதுவா வரச் சொல்லுங்க, ரோடெல்லாம் வழுக்கும்... ம்."

மைதானத்தைப் பற்றி இருபத்தாறு வருஷத்தில் அவர் சொன்ன இரண்டாவது பொய் இது. முதல் பொய்யைப் பற்றிப் பிறகு பார்ப்போம். இதைச் சொல்ல அவர் சிரமப்படவே இல்லை. ஆடலாம் என்று சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரிகூட இருந்தது.

"அது என்ன சத்தம்?... யாரு கத்தறது?... குழந்தையா... என்ன சொல்லுது?... இப்பவேவா? நாளைக்குக் காலைல போறதுக்கு இப்பவே ஷூ மாட்டிக்கிச்சா... கழட்ட மாட்டேங்குதா... பொண்ணா? ... பொண்ணு. ம்... இல்ல, தெரியாது. லிஸ்ட்ல குழந்தை ஒண்ணுன்னுதான் போட்டிருந்தாங்க... எத்தனை வயசு?... மூணே முக்காலா. சரி... சரி... ஷூ என்ன கலர்?... ம்."

நீலம் இல்லை, சிவப்பு. அதனால் என்ன. ரோலர் ஜன்னலுக்கு வெளியே நாளைய மேட்சைப் பார்த்தார். சிவப்பு ஷூ போட்ட ஒரு சின்னப் பெண் நீல நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எதிரே அவள் அப்பா மட்டையோடு நடந்து வருகிறார். அவ்வளவு தூரம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்தது பந்து வர வேண்டும். மத்தியானம் அந்த ஆடுகளத்தில் தான் கட்டைவிரலை வைத்து அமுக்கிப் பார்த்தது அவருக்கு ஞாபகம் வந்தது.

"கேப்டன்... கேப்டன், ஒரு நிமிஷம், வெச்சுடாதீங்க... மொத ஆளா எறங்கறது நீங்கதானா, இன்னமும்?... மொத பாலும் நீங்கதானே ஆடுவீங்க... இல்ல, சும்மா கேட்டேன்... எங்க பக்கத்து வேகப் பந்துக்காரன் இந்த வருஷமும் அந்த நெட்டையன்தான், தெரியும்ல?... ம்... ஹெல்மெட் போடுவீங்கல்ல... ம்... கேப்டன்... வேணாம்... வேணாம்ங்கறேன். கிளம்பாதீங்க."

...

"ஆமா, இப்பதான் ஆடலாம்னு சொன்னேன். அது பொய்... ஆமா, பொய்யி. பிட்ச் ஆடற மாதிரி இல்ல... கட்டைவிரலை வெச்சு அமுக்கினேன், நகம் மறையற அளவுக்கு உள்ள போச்சு... ரெண்டு பக்கமும் பந்து குத்தற அந்த குட் லெங்த் எடம் பூரா அப்படித்தான். பந்து ஒண்ணு காலுக்கு உருளும், ஒண்ணு கழுத்துக்கு ஏறும். எதுக்கு எது பண்ணும்னு எனக்கே தெரியாது... ஆமா... நாளைக்கு முழுக்கக் காத்தடிச்சாலும் ஆகாது. ஆடினா எவன் பல்லாவது போகும்."

...

"இல்ல... இல்ல கேப்டன், மழை இல்ல. மழை மேல போடாதீங்க. சொன்னேனே, ஒரு சொட்டுகூடப் பெய்யலன்னு... நான்தான் கெடுத்தேன்... ஆமா, நான்தான்... மூடிட்டேன்... செவ்வாய்க்கிழமை காலைலயே மூடிட்டேன்... ஆமா, மூணு பகல், மூணு ராத்திரி. இன்னிக்கு மத்தியானம்தான் தொறந்தேன்... தெரியும். எனக்குத் தெரியாமலா?"

மண் வேர்க்கும். அதுதான் விஷயம். மழை பெய்கிற வரைக்கும் ஆடுகளத்தை மூடக்கூடாது, பெய்து நின்றவுடன் திறந்துவிட வேண்டும் என்பது மைதான வேலைக்கு வருகிறவன் கற்றுக்கொள்கிற முதல் பாடம். மேகத்தைப் பார்த்துப் பயந்து முன்கூட்டியே மூடினால், தார்பாய்க்கு அடியில் காற்றுப் போகாமல் மண் புழுங்கி, உள்ளே கிடக்கும் ஈரத்தையெல்லாம் மேலே தள்ளிவிடும். வெளியே ஒரு சொட்டு விழாமலேயே உள்ளே எல்லாம் சொதசொதத்துப் போகும். புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு. இதே தப்புக்காக இரண்டு பேரை ரோலர் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார். ஒருவன் வேலையையே விட்டுவிட்டுப் போனான்.

"ஏன்னா... என்ன ஏன். மூடிட்டேன்... வானம் இருட்டினதும் பயம் வந்துடுச்சு... ஆமா, எத்தனையோ மேட்ச் நின்னிருக்கு. நின்னா நிக்கட்டும்னு போய்ப் படுத்துத் தூங்கிடுவேன்... இது நிக்கக்கூடாதுன்னு இருந்துச்சு... தெனம் ராத்திரி எழுந்து போய்த் தார்பாய் ஓரமெல்லாம் சரியா இருக்கான்னு தடவிப் பார்த்துட்டு வருவேன். மேல தொட்டா காஞ்சிருக்கும். அப்பாடான்னு வந்து படுப்பேன். அடியில கை விட்டுப் பார்த்திருக்கணும்... பார்க்கல... பயமா இருந்திருக்கும், என்னமோ... ஏன் நிக்கக்கூடாதுன்னு கேக்கறீங்க. அதான் லிஸ்ட் அனுப்பினீங்களே, கேப்டன்."

இதைச் சொல்லிவிட்டு ரோலர் ரிசீவரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். கை வேர்த்திருந்தது. அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவர்கள் ஊர் மழை, இங்கே போனுக்குள் பெய்துகொண்டிருந்தது.

"என்ன?... இல்ல, அதுக்கு முன்னாடி. அதுக்கும் முன்னாடி... என்னை என்னன்னு கூப்பிட்டீங்க?... ம்... மறுபடி சொல்லுங்க... ம்... தப்பா? தப்பெல்லாம் இல்ல. மாமான்னுதானே கூப்பிடணும், வேற என்னன்னு கூப்பிடறது. சரியாத்தான் காதுல விழுந்துச்சான்னு பார்த்தேன்."

ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே மருமகனைப் பற்றி ரோலர் சொல்லாத பொல்லாப்பு இல்லை. 'ஆணி ஷூவோட பிட்ச் நடுவுல ஓடறவன் அவன், மூணு தடவை எச்சரிக்கை வாங்கினவன், அவனுக்கா பொண்ணைக் குடுக்கறது?' என்று மகளிடம் கேட்டார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவருக்கே அது காரணமில்லை என்று தெரியும். மனைவி போன பிறகு வீட்டில் மிச்சமிருந்தது மகள் ஒருத்திதான். எட்டு வயதிலிருந்து கோடு போடும் கயிற்றின் அந்த முனையைப் பிடித்தவள். அவள் பிடித்தால் கயிறு விறைப்பாக நிற்கும், கோடு வளையாது. அவளும் போய்விட்டால் அந்த முனையை யார் பிடிப்பது என்று கேட்க அவருக்குத் தெரியவில்லை. ஆணி ஷூவைப் பற்றித்தான் பேசத் தெரிந்தது.

"ஏன் என் குரல் எனக்கே திரும்பி வருது?... ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா... எப்பலருந்து?... ஆரம்பத்துலருந்தா? நான் ஹலோ சொன்னதுலருந்தா?... அப்ப... பக்கத்துல இருக்காளா... ம்... பேச மாட்டேங்கறாளா... வேணாம், வேணாம், போனை அவ கைல திணிக்காதீங்க... கேட்டுக்கிட்டிருந்தா போதும்... இல்ல, அழறாளா என்ன?... சரி, சரி, சொல்ல வேணாம்."

ஸ்டூலிலிருந்து எழுந்தார். போன் ஒயர் எட்டுகிற தூரம் வரை நடந்தார், அது இரண்டு எட்டு. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

முதல் பொய்யைச் சொல்லும் நேரம் வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை. பதிவு அலுவலகத்தில் பத்தரை மணிக்குக் கல்யாணம். காலையில் மகள் புதுப் புடவையோடு அவர் முன்னால் வந்து நின்று, வருகிறீர்களா அப்பா என்று கேட்டாள். வர மாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட நேர்மையாக இருந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"ஒண்ணு சொல்லணும்... கேப்டனுக்கு இல்ல. அவளுக்கு. கேக்குதாம்மா?... கேக்கறாளா, சரி... அம்மாடி, அன்னிக்கு நீ வந்து கேட்டப்போ, இன்னிக்கு மேட்ச் இருக்கு, விட்டுட்டு வர முடியாதுன்னு சொன்னேன்ல... அன்னிக்கு மேட்ச் இல்லம்மா... ஒரு மேட்சும் இல்ல. வாரத்துல அந்த ஒரு நாள்தான் கிரவுண்டு காலி... நான் சும்மா வந்து ரோலர் ஓட்டிக்கிட்டிருந்தேன். ஒம்போதுலருந்து பன்னெண்டு வரைக்கும், ஆள் இல்லாத கிரவுண்டுல, மேலயும் கீழயும், மேலயும் கீழயும்... அதுக்கப்புறம் எத்தனையோ நாள் சொல்லணும்னு நெனச்சேன். நம்பர் இல்ல. இருந்தாலும் இந்த போன்லருந்து போவாது... அதெல்லாம் சாக்கு. இருந்திருந்தாலும் பண்ணியிருக்க மாட்டேன்."

...

"என்ன?... தெரியுமா?... மேட்ச் இல்லன்னு தெரியுமா? எப்படித் தெரியும்?... வந்தீங்களா? எங்க?... கிரவுண்டு கேட்டுக்கா... அன்னிக்கேவா... எத்தனை மணி இருக்கும்?... பதினொண்ணரை. கையெழுத்துப் போட்டுட்டு நேரா இங்கதான் வந்தீங்களா... ரெண்டு பேருமா... ம்... ம்... கேட் பூட்டியிருந்துச்சா? ஆமா, நான்தான் பூட்டினேன்... கூப்பிட்டாளா?... என்னையா?... எத்தனை தடவை?"

மகள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கூப்பிட்டிருக்கிறாள். ரோலர் அவள் இருந்த பக்கமே வந்திருக்கிறது, வந்து திரும்பிப் போயிருக்கிறது. மறுபடி வந்திருக்கிறது, போயிருக்கிறது. அதன் மேல் உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்கவே இல்லை.

"டீசல் இன்ஜின்மா அது... அதுமேல ஏறி உக்காந்தா பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது. நீ சின்னதுல காதைப் பொத்திக்கிட்டு ஓடுவியே, மறந்துட்டியா... நான் பிட்சைப் பார்த்துக்கிட்டிருந்தேன். பிட்சை விட்டு எதையும் பார்க்கல... உன்னைப் பார்க்கவே இல்லம்மா... கேட்டுட்டும் திரும்பலன்னு நெனச்சியா?... அஞ்சு வருஷமாவா?... நான் என்னடான்னா, நீ திரும்பிப் பார்க்காமப் போயிட்டேன்னு..."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையில் நாற்காலியின் நீல பெயின்ட் இருந்தது, அது மூக்கிலும் ஒட்டிக்கொண்டது. பார்த்துச் சொல்ல ஆளில்லாததால் அவருக்கு அது தெரியாது.

"ஹலோ... யாரு... அம்மாடி?... ம்... ம்... சொல்லும்மா... நல்லாருக்கேன்... சாப்பிட்டேன்... சாப்பிட்டேம்மா, மத்தியானமே. நானேதான் செஞ்சுக்கறேன்... உப்பு அதிகமாத்தான் போடறேன், யாரு கேக்கப் போறா... கயிறா?... அந்த முனைக்கு ஆள் வெக்கல. ஒரு ஆணி அடிச்சுக் கட்டிடறேன்... ம், வளையுது. கொஞ்சம் வளையத்தான் செய்யுது. யாரும் கண்டுக்கறதில்ல... நீ கண்டுபிடிச்சிருவே... என்ன, உன் பொண்ணா? குடு, குடு."

ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். ஜன்னல் பக்கம் காற்று கிளம்பி, ஓரமாகக் கிடந்த தார்பாயின் ஒரு மூலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"ஹலோ... ஆமா, நான்தான்... நான் யாரா? நான்... உங்க அம்மாவோட அப்பா... ஆமா, அம்மாவுக்கும் அப்பா உண்டு... இங்க மழையா? இல்லடா தங்கம், ஒரு சொட்டுகூடப் பெய்யல... நெஜமாத்தான்... அப்ப ஏன் வர வேணாம்னு சொன்னேனா... பிட்ச் ஈரமாயிடுச்சு... மழை பெய்யாம எப்படி ஈரமாச்சா..."

கமிட்டியில் அத்தனை பேர் கேட்டாலும் அவரால் பதில் சொல்லிவிட முடியும். மூணே முக்கால் வயசுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் திணறினார்.

"தாத்தா தப்பா மூடி வெச்சுட்டேன்... ம்... ஆமா, தொறந்து விட்டுட்டேன் இப்ப... சிவப்பு ஷூவா? அப்பா சொன்னாரு... கழட்டாதே. போட்டுக்கோ... நாற்காலி ஒண்ணு இருக்கு உனக்கு. நீலக் கலரு. இன்னும் காயல, உக்காந்தா கவுன்ல ஒட்டிக்கும், ஒரு நாள் பொறுக்கணும்... ஹலோ?... அம்மாகிட்டயா, சரி குடு... ஹலோ... கேக்குது, விட்டு விட்டுக் கேக்குது. அங்க மழை வலுத்துடுச்சா?... மாப்பிள்ளை இருக்காரா? அவர்கிட்ட குடு, ஒரு வார்த்தை..."

கரகரவென்று இரைச்சல் வந்தது. கேட்க வேண்டியதைச் சீக்கிரம் கேட்டுவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. இத்தனை நேரம் வானத்தைப் பற்றிப் பேசினோமே, இதை முதலிலேயே கேட்டிருக்கலாமே என்றும் தோன்றியது.

"மாப்ள... மாப்ள, கேக்குதா?... நாளைக்கு மேட்ச் இல்ல, சரி. வேன் வராது, சரி. ஆனா வர்றதுக்கு மேட்ச் எதுக்கு, மாப்ள?... காலைல ஆறேகாலுக்கு அங்கருந்து ஒரு பஸ் இருக்கு. கிரவுண்டு வாசல்லயே நிக்கும். நான் கேட்டைத் தொறந்து வெக்கறேன்... ஹலோ?... கேட்டைப் பூட்ட மாட்டேன்னு அவகிட்ட சொல்லுங்க... ஹலோ... மாப்ள... அம்மாடி... ஹலோ."

லைன் கட்டாகியிருந்தது. எப்போது கட்டானது என்று தெரியவில்லை. மாப்ள என்றது போனதா, பஸ் போனதா, கேட் போனதா. ஐந்து வருஷம் சேர்த்து வைத்ததை ஒரு மூச்சில் சொன்னார், அது கம்பியில் போய்ச் சேர்ந்ததா, ஷெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டதா என்று கேட்டுச் சொல்ல ஒருவரும் இல்லை. திருப்பிக் கூப்பிட அந்த போனில் வழியில்லை. நம்பரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளவும் இல்லை. பிட்ச், வானம், ரேடியோ என்று எல்லாவற்றையும் பேசியவர், நம்பரைக் கேட்க மறந்திருந்தார்.

ரிசீவரை இன்னும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தார். பிறகு, இதை எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் அவர்கள் கூப்பிட்டாலும் மணி அடிக்காதே என்று திடீரென்று உறைத்து, அவசரமாக வைத்தார். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார்.

அப்போதுதான் தகரக் கூரையில் முதல் சொட்டு விழுந்தது. இரண்டு, மூன்று, பிறகு எண்ண முடியவில்லை. மூன்று நாளாக மிரட்டிக்கொண்டிருந்த வானம், தார்பாயைத் திறந்து வைத்திருக்கும் நேரமாகப் பார்த்து இறங்கிவிட்டது. ரோலர் எழுந்து வாசல் வரை வந்தார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட ஒரு மழையிலும் அவர் ஆடுகளத்தைத் திறந்து போட்டதில்லை. காய்ச்சலோடு ஓடியிருக்கிறார், மனைவியின் காரியம் முடிந்த மறுநாள் ஓடியிருக்கிறார். கால்கள் பழக்கத்தில் படியிறங்கின.

ஒரு படி இறங்கியவர் நின்றார். அவ்வளவு பெரிய தார்பாயைத் தனியாளாக நாலு மூலையும் இழுத்துப் போட முக்கால் மணி நேரமாகும். அந்த முக்கால் மணி நேரத்தில் போன் அடித்தால் நடு மைதானத்தில் இந்த மழைச் சத்தத்தில் காதில் விழாது.

திரும்பி உள்ளே வந்தார். வரும்போது வாசலோரம் சாரல் பட்டுக்கொண்டிருந்த நீல நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தார், அது கையில் ஒட்டியது. வெளியே ஆடுகளம் நனைந்துகொண்டிருந்தது. ஸ்டூலைப் போனுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்தார்.